கேக் அடிக்கிற சத்தம்

— "கேக் நல்லா அடிச்சாதான் நல்லா வரும்னு சொன்னீங்களேம்மா, அப்பா உங்களை அடிக்கிறதும் அதுக்குத்தானா?" காமினி நாலு வயசுல கேட்டாளே, மறந்துட்டியா மோகனா?

— மெதுவா, ருக்கையாக்கா. அவரு ரூமுல தூங்குறாரு.

— மிக்சர் இந்தக் கத்து கத்துது, என் பேச்சா கேக்கப்போவுது? கையைக் காட்டு. யா அல்லா! என்ன பிள்ளை இது?

— ஓவன் கதவுல வச்சு சாத்திட்டாரு. கேக் ஆர்டர் கொடுத்தவர்கிட்ட போன்ல சிரிச்சேனாம்.

— எலும்பு உடைஞ்சிருக்குலா! இடது கையால மிக்சரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறியே. அதை அடைச்சுட்டுக் கிளம்பு.

— ஐயோ, சுவிட்சைத் தொடாதீங்கக்கா! சத்தம் நின்னா எழுந்து வந்துருவாரு. போன மாசம் அப்படித்தான். லிஃப்ட் வர்றதுக்குள்ள முடியைப் பிடிச்சு இழுத்து, சுவத்துல மோதினாரு. காமினி கண்ணு முன்னால.

— காமினி இப்ப கீழ, என் தம்பி ஜபருல்லா கெரெத்தாவுல, பின்சீட்டுல உட்கார்ந்திருக்கா. முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் போலீஸ் ரிப்போர்ட்.

— அடுத்த தடவை கை இல்ல, மூஞ்சின்னு சொல்லியிருக்காருக்கா.

— அதுக்குத்தான் சொல்றேன். மிக்சரை என்கிட்ட கொடு.

— கண்ணு முழிச்சா உங்களையும் அடிப்பாரு!

— இந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்கு அடி புதுசா? சத்தம் மாறக்கூடாது, கூடவே பிடி. ஆங்... இப்ப விடு.

— முட்டை ஊத்தி ரொம்ப நேரமாச்சுக்கா. இதுக்கு மேல அடிச்சா கேக் கல்லாயிரும்.

— கேக்கா இப்ப முக்கியம்? செருப்பைக் கையில எடுத்துக்க.

— அக்கா...

— போ பிள்ளை!

— மோகனா! ஒரு மணி நேரமா என்னாடி அடிக்கிற? செவிடா? நான் வந்தேன்னா இன்னொரு கையும் போயிரும்!

— அடைச்சுட்டேன், வாசு தம்பி. வாங்க.

— ருக்கையாக்கா? நீங்க என்னா இங்க? அவ எங்க?

— ஆஸ்பத்திரியில. இப்பதான் மெசேஜ் வந்துச்சு.

— யாரைக் கேட்டு அனுப்பினீங்க? என் கையில கத்தி இருக்கு, பாத்துப் பேசுங்க!

— இதைவிடப் பெருசு பாத்திருக்கேன் தம்பி. என் புருஷன் ஹைதர் பாராங் கத்தியோட வந்த அன்னிக்கு, என்னைப் படி வழியா அனுப்பிட்டு, என் அடுப்படியில நின்னு கேக் அடிச்சவ மோகனா. அவ நெத்தியில இருக்கே வெட்டு, அது எனக்கு விழ வேண்டியது.