கண்டும் கடந்தான்

— மணி பத்து இருபது. பதினொண்ணுக்குக் கோர்ட்டுல இருக்கணும்.

— தெரியும் சார். மிச்சம் ஒரு பாடம்தானே. முடிச்சிட்டே போயிடலாம்.

— கட்டின புருஷனை சார்னு கூப்பிடறது நீ ஒருத்திதான்.

— ஸ்டூடியோவுல நீங்க சவுண்ட் எஞ்சினியர், நான் வாசிக்கிறவ. பன்னெண்டு மணிக்கு மேல வெளியிலயும் அப்படித்தான்.

— ஜட்ஜ் கையெழுத்துப் போட்டாத்தானே.

— போடுவார். ரெண்டு பேரும் சம்மதம்னு எழுதிக் குடுத்திருக்கோம். அவருக்கு என்ன வந்துச்சு?

— வக்கீல் போன் பண்ணார். தனித்தனியா வாங்கன்னு சொன்னார். போன தடவை ஒரே ஆட்டோவுல வந்து இறங்கினோமாம். நல்லா இல்லையாம்.

— ஒரே இடத்துலருந்து ஒரே இடத்துக்குப் போறோம். வேற எப்படிப் போறது?

— அதைத்தான் நானும் கேட்டேன். சிரிச்சார்.

— ஃபேனை நிறுத்திட்டேன். ஆரம்பிக்கலாமா?

— மைக்குக்குக் கொஞ்சம் கிட்ட வா. போதும். ரெக்கார்டிங் ஓடுது.

— "பாடம் பன்னிரண்டு. பிறிது மொழிதல் அணி. உவமையை மட்டும் சொல்லி, சொல்ல வந்த பொருளைச் சொல்லாமல் விட்டு, கேட்பவரே உணருமாறு செய்வது பிறிது மொழிதல் அணி ஆகும்."

— நிறுத்து. பேப்பர் சத்தம்.

— என் கை இல்ல. புதுத் தாள்.

— கைன்னு நான் சொல்லலையே.

— சரி. மேல போகலாம்.

— இரு. எனக்கே புரியல. கண்ணு தெரியாத பசங்க இதைக் காதால மட்டும் கேட்டு எப்படிப் பரீட்சை எழுதுவாங்க? உவமைன்னா 'மாதிரி'ன்னு ஒண்ணு வரணுமே.

— இதுல வராது. 'அது மாதிரி இது'ன்னா உவமை. இங்க 'அது' மட்டும்தான் இருக்கும். 'இது' வாயே திறக்காது.

— நம்ம வீடு மாதிரி.

— 'மாதிரி' போட்டுட்டீங்க. இப்போ அது வெறும் உவமை.

— வாத்தியாரம்மாவா போயிருக்கலாம் நீ. சரி, பாட்டு. ஓடுது.

— "விரல்நுழை அளவே நண்டின் சிறுவளை; வரப்பிடைத் தோன்ற வைகறைப் பொழுதில் பிடிமண் இடாது கண்டும் கடந்தான்; வடிந்தது புனலே, வறந்தது வயலே."

— நிறுத்து.

— என்ன சத்தம்?

— சத்தம் இல்ல. 'கடந்தான்'ல அழுத்தம் ஜாஸ்தி. மீட்டர்ல ஊசி ஏறிடுச்சு.

— எப்பவும் வாசிக்கிற மாதிரிதான் வாசிச்சேன்.

— ஊசி பொய் சொல்லாது. என்ன நடந்துச்சு அந்த வயல்ல?

— வரப்புல நண்டு ஓட்டை போட்டுச்சு. ஒரு விரல் அளவு. விடியக்காலையில அவன் பார்த்தான். ஒரு பிடி மண்ணு அள்ளிப் போட்டிருந்தா அடைஞ்சிருக்கும். போடாம போயிட்டான். தண்ணி பூரா வடிஞ்சு வயல் காஞ்சு போச்சு. சின்னக் குறைதானேன்னு விட்டா பெருசு போயிடும். அதான் நீதி. ஆனா பாட்டுல அது இல்ல.

— நண்டு மேல தப்பே இல்லையா?

— நண்டு அது வேலையைப் பார்த்துச்சு.

— விடியக்காலைங்கிற. தூக்கக் கலக்கமா இருந்திருக்கும்.

— 'கண்டும்'னு இருக்கு. அந்த 'உம்' சும்மா வரல. கண்ணுல படாம போயிருந்தா யாரும் பாட்டுக் கட்டியிருக்க மாட்டாங்க.

— கூட ஒருத்தரும் வரலையா? ரெண்டு பேரா நடந்திருந்தா?

— அப்போ 'கடந்தார்'னு இருக்கும். இங்க 'கடந்தான்'. ஆண்பால், ஒருமை. ஒரே ஒரு ஆம்பளை.

— இலக்கணமும் உன் பக்கம்தான்.

— நான் எழுதல சார். வாசிக்கிறேன்.

— சரி, நான் எப்போ மண்ணு போட்டிருக்கணும்? அதையாவது சொல்லு. ஜட்ஜ் கேட்டா சொல்றதுக்கு ஆகும்.

— அவர் கேக்க மாட்டார்.

— நான் கேக்கறேன்.

— ஹெட்போனை மாட்டிக்கிட்டே சாப்பிட உக்காந்தீங்களே, அன்னிக்கு.

— அன்னிக்கு ஒரு நாடகம் அவசரமா முடிக்க வேண்டியிருந்துச்சு.

— அன்னிக்கு நாடகம். மறுநாள்?

— மறுநாள் ஒண்ணும் ஓடல.

— என்னது?

— ஒண்ணும் ஓடல. சும்மா மாட்டியிருந்தேன். நீ கரண்டியை வெச்சது கேட்டுச்சு. குழாயைத் திறந்தது கேட்டுச்சு. கழட்டுங்கன்னு நீ சொல்வியான்னு பார்த்தேன்.

— வேலைன்னு நினைச்சேன்.

— மூணு வருஷமாவா?

— வேலைன்னுதான் நினைச்சேன்.

— வயரு எதுலயும் சொருகாம மடியில கெடக்கும். நீ குனிஞ்சு சோறு போடுவ.

— போட்டுட்டுப் போயிடுவேன்.

— வயரைப் பார்த்ததே இல்லையா நீ?

— மணி என்ன?

— பத்து முப்பத்தஞ்சு. பார்த்ததே இல்லையா?

— பார்த்தேன்.

— எப்போ?

— முதல் வாரமே.

— ம்.

— பாட்டை முதல்லருந்து எடுக்கறேன். நேரம் ஆகுது.

— தண்ணி குடி முதல்ல.

— வேண்டாம்.

— இந்தப் பசங்களுக்கு நீ சொல்றதுதான் புத்தகம். திருப்பிப் பார்க்க வேற தாள் கிடையாது. நிதானமா வாசி.

— என்னிக்காவது ஒரு எழுத்து பிசகியிருக்கேனா?

— இல்ல. அதைக் கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கம்மாகிட்ட பெருமையா சொன்னேன். ஓடுது.

— "விரல்நுழை அளவே நண்டின் சிறுவளை, வரப்பிடைத் தோன்ற வைகறைப் பொழுதில் பிடிமண் இடாது கண்டும் கடந்தோம், வடிந்தது புனலே, வறந்தது வயலே. பாடல் முற்றிற்று."

— ம்.

— ஊசி ஏறலையே?

— ஏறல.

— அப்போ முடிஞ்சுது. மைக்கை அணைச்சிடுங்க. நான் போய் ஆட்டோ பிடிக்கறேன்.

— ஒண்ணா, ரெண்டா?

— வக்கீல் என்ன சொன்னார்?

— அவரை விடு. கொஞ்சம் உக்காரு.

— மணி ஆகுது.

— தாள்ல 'கடந்தான்'னு இருக்கு. நீ 'கடந்தோம்'னு வாசிச்சிருக்க. வெட்டவா, விடவா?