மூணு நாள் ட்ரையல்

அப்படியே நிறுத்திக்குங்க சார். முன்னாடி லாரிக்கும் நமக்கும் நடுவுல ஒரு ஆள் போற அளவுக்கு இடம் விட்டா போதும். இன்ஜினை அணைச்சிடுங்க. இப்ப மணி பத்து. நமக்கு முன்னால பதினோரு வண்டி. ஒரு வண்டிக்கு லோடு இறக்க இருபது நிமிஷம், நடுவுல குடோன்காரங்க சாப்பாட்டுக்கு முக்கால் மணி. நம்ம முறை வர ரெண்டரை ஆயிடும். அதுவரைக்கும் மனசுக்குள்ளயே பேசிக்கிட்டிருக்காதீங்க. நான் எதுக்கு இருக்கேன், என்கிட்ட பேசுங்க.

பின்ன இல்லையா? வழியெல்லாம் உதடு அசைஞ்சுக்கிட்டே வந்துச்சே. மூணு நாள் ட்ரையல் இன்னைக்கோட முடியுது, சாயங்காலம் முதலாளி முன்னால நிக்கணும், சம்பளம் எவ்வளவு கேக்கலாம்னு ஒத்திகை பார்க்குறீங்க. பக்கத்து சீட்டுல உக்காந்து ஆளைப் பார்க்குறதுதானே சார் என் பொழப்பு. சொல்லுங்க, எவ்வளவு?

இருபத்தஞ்சாயிரமா. ம்.

ஜாஸ்தின்னு நான் சொல்லவே இல்லையே. டைல்ஸ் லோடு, பத்தொன்பது டன். பெட்டி உடைஞ்சா டிரைவர் தலையில. இருபத்தஞ்சு நியாயம்தான். எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் நியாயம்தான். ஆனா நியாயம் ஒரு பக்கம் நிக்கும் சார், சம்பளம் இன்னொரு பக்கம் நிக்கும். ரெண்டும் சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி, பார்த்தா சிரிச்சுக்கும், ஒட்டாது.

நான் ரிட்டயர் ஆகி இங்க வந்தப்ப எனக்கு என்ன நடந்துச்சு தெரியுமா? முப்பத்தொரு வருஷம் ஒரு ஃபேக்டரிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டினவன் நான். முதலாளி உக்கார வச்சார், டீ வரவழைச்சார். வயசானவங்கன்னா அவருக்கு அப்படி ஒரு மரியாதை. பென்ஷன் எவ்வளவு வருதுன்னு கேட்டார். நானும் பெருமையா ஒன்பதுன்னேன். அப்ப நான் ஒரு பதினாறு போட்டுத் தர்றேன், ஆக மொத்தம் இருபத்தஞ்சு, இந்த ஊர்ல எந்த டிரைவருக்கும் நான் குறைச்சுக் குடுத்ததில்லைன்னார்.

அதேதான் சார், நீங்க இப்ப வாயைத் திறந்துட்டு மூடினீங்களே, நானும் அதேதான் செஞ்சேன். உங்களுக்குப் பென்ஷன் பதினொண்ணா? அப்ப உங்களுக்குப் பதினாலு.

அது உங்க சொந்தக் காசுதான், யார் இல்லைன்னா? முப்பத்து மூணு வருஷம் தீயணைப்பு வண்டி ஓட்டி, புகையைத் தின்னு சம்பாதிச்சது. அதைச் சொல்லிப் பாருங்க. அவர் அதுக்கும் வச்சிருக்கார் பதில். சார், உங்களுக்கு ஒரு பக்கம் மழை பெய்யுது, இன்னொரு பக்கமும் நனையணும்னு ஏன் ஆசைப்படுறீங்கம்பார். சொல்லும்போது முகத்துல அவ்வளவு வருத்தம் இருக்கும். நாம போய் அவருக்கு ஆறுதல் சொல்லணும் போல இருக்கும்.

சிரிக்கலாம் சார், தப்பில்லை. மூணு நாள்ல இப்பத்தான் சிரிக்கிறீங்க.

வீட்டுல என்ன சொல்லிட்டு வந்தீங்க? ட்ரையல்னு சொன்னீங்களா, வேலை கிடைச்சாச்சுன்னு சொன்னீங்களா? சட்டையைப் பார்த்தாலே தெரியுது. புதுத் துணி, தையல்காரன் மடிச்ச மடிப்பு முதுகுல அப்படியே இருக்கு. வேலை கிடைக்காத மனுஷன் காக்கி தைப்பானா? பொண்ணு வேற ரெண்டு குழந்தைகளோட வந்து உக்காந்திருக்குன்னு நேத்து சொன்னீங்க. பதினொண்ணுல அஞ்சு பேர் எப்படிச் சாப்பிடுறது. புரியுது சார். ரிட்டயர் ஆனவன் வீட்டுல பழைய பீரோ மாதிரி. எங்க தள்ளி வச்சாலும் யாராவது வந்து இடிச்சுக்குவாங்க, இடிச்சவங்க பீரோவைத்தான் திட்டுவாங்க. நீங்க காலையில அஞ்சரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புறதே அவங்களுக்குப் பாதிச் சம்பளம்.

காத்திருக்கிற நேரத்துக்கா? அதுக்குக் கூலி கேக்கப் போறீங்களா? வேணாம் சார். சொன்னாக் கேளுங்க.

உங்களுக்கு முன்னால ஒருத்தர் இருந்தார். டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக்குடுத்து ரிட்டயர் ஆனவர், அதனால வாத்தியார்னே கூப்பிடுவோம். ரொம்ப சுத்தமான ஆளு, கியர் மாத்துறது காதுல விழாது. மூணு நாள்ல வண்டி ஓடினது பதினாலு மணி நேரம், இப்படி வரிசையில நின்னது பதினாறு மணி நேரம்னு நோட்டுல எழுதி வச்சிருந்தார். நிக்கிறதும் வேலைதானேன்னு கேட்டார். முதலாளியைப் பிடிக்கவே நாலு நாள் நடந்தார், பாவம். முதலாளி நோட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, ஒரு வரி விடாம படிச்சார். கூட்டலைக்கூடச் சரி பார்த்தார். அப்புறம் மெதுவா, இந்தப் பதினாறுல எவ்வளவு நேரம் தூங்கினீங்க வாத்தியாரேன்னார். இவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஏழு மணி நேரம் இருக்கும்னுட்டார். என் வண்டியில, என் சீட்டுல, கால் நீட்டி ஏழு மணி நேரமான்னார் முதலாளி. லாட்ஜுல இதுக்கு என்ன வாங்குறான்னு கேட்டு, அதைக் கழிச்சு, மிச்சம் நீங்க குடிச்ச டீக்குச் சரியாப் போச்சுன்னு நோட்டை ரெண்டு கையாலயும் திருப்பிக் குடுத்தார்.

நான் பக்கத்துலதான் நின்னேன். பொய் சொல்வானேன், எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வாத்தியாரும் சிரிச்சார். அழத் தெரியாத சில பேர் அப்படித்தான் சிரிப்பாங்க.

அவருக்கு வேலையா? அதுக்கப்புறம் அவர் வரலை சார்.

பரவாயில்லையே, மூணு வண்டி உள்ள போயிடுச்சு. கொஞ்சம் முன்னால எடுங்க. மெதுவா. இங்க சைரன் எல்லாம் கிடையாது, ஒருத்தனும் உங்களுக்கு வழிவிட மாட்டான். அணைச்சிடுங்க, டீசல் சும்மாவா வருது.

எனக்கா? முழங்கால் சார். கிளட்ச்சை மிதிச்சா உயிர் போகுது, ரெண்டு வருஷமா ஓட்டுறதில்ல. ஆனாலும் தேவைப்பட்டா ஹேண்ட் பிரேக் போடுவேன். ஒரு தடவை போட்டிருக்கேன். போன மழைக்காலத்துல ஒருத்தர் வந்தார், பட்டாளத்துல லாரி ஓட்டினவர். நான்தான் மேஜர்னு பேர் வச்சேன், அவருக்கு அதுல ரொம்ப சந்தோஷம். ட்ரையலோட ரெண்டாவது நாள், ஆத்துப் பாலம் இறங்குறோமே அந்தச் சரிவு, அதுல மேஜர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஸ்டீரிங் மேல சாய்ஞ்சுட்டார். பிரேக்கை இழுத்து, ஓரமா மண்ணுல ஏத்தி நிறுத்தினேன். எழுநூத்தி அறுபது பெட்டி டைல்ஸ். ஒண்ணு உடையலை சார். ஒண்ணே ஒண்ணு உடையலை.

அவரையா? அவரை ஒரு காய்கறி வண்டியில ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நான் எப்படிக் கூடப் போறது, லோடை நடுரோட்டுல விட்டுட்டு? பிழைச்சுட்டார்னுதான் கேள்வி. பத்து நாள் கழிச்சு அவர் சம்சாரம் வந்தாங்க, ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏதாவது குடுங்கன்னு. முதலாளி ரிஜிஸ்டரை எடுத்து அந்தம்மா முன்னாலயே பக்கம் பக்கமா புரட்டினார். அம்மா, உங்க வீட்டுக்காரர் பேரே இதுல இல்லையே, யாருக்குன்னு எழுதிக் குடுப்பேன்னார். அதுவும் நிஜம்தான். ட்ரையல்காரங்க பேரை எவன் எழுதுறான்.

ஏன் சார் அப்படிப் பார்க்குறீங்க? நமக்குத்தான் இன்னைக்கோட முடியுதே.

சரி, நம்ம முறை. எடுங்க. கதவு திறக்குறதுக்குள்ள தார்பாய்க் கயிறை அவிழ்த்து வச்சுடுங்க, இல்லைன்னா குடோன்காரன் வரிசை மாத்திவிட்டுடுவான். அது டிரைவர் வேலை இல்லதான். சம்பளம் நியாயமாக் கேக்கணும்னா வேலையைக் கொஞ்சம் அநியாயமாச் செய்யணும் சார். ஏறுங்க. நான் கீழ நின்னு சொல்றேன்.

வலது கைப் பக்கம் திருப்புங்க. லோடு இறக்கியாச்சு, இனி நம்ம லாரி செட்டுக்குத்தான், இதுதான் குறுக்கு வழி. வெறும் வண்டின்னதும் எப்படிப் பறக்குது பாருங்க. நல்லாத்தான் ஓட்டுறீங்க, சும்மா முகஸ்துதிக்குச் சொல்லலை. மூணு நாள்ல ஒரு உராய்வு கிடையாது, ஒரு பள்ளத்துல விட்டது கிடையாது. கையில கயிறு அறுத்த இடத்துல மட்டும் எண்ணெய் தடவுங்க.

பதினெட்டு கேக்கலாம்னு இருக்கீங்களா? நல்லது. காலையில இருபத்தஞ்சு, மத்தியானம் இருபது, இப்ப பதினெட்டு. ஒருத்தரும் எதுத்துப் பேசாமலே ஏழாயிரம் இறங்கிட்டீங்க. முதலாளி முகத்தையே இன்னும் பார்க்கலை.

கோவிச்சுக்காதீங்க. விளையாட்டுக்குச் சொன்னேன்.

உள்ள விடுங்க, அந்தத் தண்ணித் தொட்டிப் பக்கம். வண்டியை ஒரு தடவை கழுவி விட்டுடலாம். சக்கரத்துக்கு உள்பக்கம் மண்ணு இருக்கக் கூடாது, அவர் அதைத்தான் முதல்ல பார்ப்பார்.

முடிஞ்சுதா? கண்ணாடி பளிச்சுன்னு இருக்கு. மடிச்ச பேன்ட்டை இறக்கி விட்டுக்குங்க, வந்து இப்படி ஏறி உக்காருங்க.

ஆமா, ரூம் பூட்டித்தான் இருக்கு. முதலாளி இல்ல. மூணாவது நாள் சாயங்காலம் அவர் இருக்க மாட்டார் சார்.

எப்பவுமே. செவ்வாயும் வெள்ளியும். இன்னைக்கு வெள்ளி. புதன் ஒருத்தர் ஆரம்பிச்சு வெள்ளி முடிப்பார், சனி ஒருத்தர் ஆரம்பிச்சு, ஞாயிறு லீவு, திங்கள், செவ்வாய்ல முடிப்பார். இந்த வண்டிக்கு டிரைவர்னு ஒருத்தர் கிடையாது சார். ஒரு வருஷம் நாலு மாசமாக் கிடையாது. ரிட்டயர் ஆனவங்க விரும்பப்படுவார்கள்னு பேப்பர்ல நாலு வரி போட்டா வந்துக்கிட்டே இருக்கீங்க. எல்லாரும் நல்ல டிரைவர், எல்லாரும் உயிரைக் குடுத்து ஓட்டுறீங்க, மூணு நாளைக்கு. அப்புறம் சொல்லி அனுப்புறோம்னு நான் சொல்லணும். வாரத்துக்கு ரெண்டு பேர். நீங்க நூத்தி முப்பத்தெட்டாவது ஆள்.

கையை எடுங்க சார். சட்டை கிழிஞ்சா எனக்குத்தான் நஷ்டம், என்னுது பழசு. அடிச்சிருக்காங்க, அதுவும் பார்த்தாச்சு. அடிச்சவங்கதான் அப்புறம் தலையில கையை வச்சுக்கிட்டு அந்தத் தொட்டி ஓரமா உக்காந்திருந்தாங்க.

உங்ககிட்ட மட்டும் ஏன் சொன்னேன்னு கேளுங்க. மத்தவங்ககிட்ட சொன்னதில்ல. முதலாளி ரெண்டாவது வண்டி எடுக்கிறார், அடுத்த மாசம் வருது. அதுக்குப் பக்கத்து சீட்டுல உக்கார ஒரு ஆள் வேணும். ஓட்டுறதுக்கு ஊரே வரும் சார், உக்கார்றதுக்குத்தான் ஆள் கிடைக்காது. நீங்க எப்படி ஓட்டுறீங்கன்னு நான் பார்க்கவே இல்லை. நேத்து எடை மேடையில அந்த ஆளு, இந்தக் கம்பெனியில ஒழுங்கா சம்பளம் வருதான்னு உங்களைக் கேட்டான். நீங்க கண்ணு இமைக்காம, தேதி தவறாம வருது, தங்கமான முதலாளின்னீங்க. ரெண்டு நாளா ஒரு பைசா பார்க்காத மனுஷன். அந்தக் குரல்ல அப்படி ஒரு நிம்மதி. எனக்கே ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்துடுச்சு. ராத்திரியே முதலாளிக்குப் போன் பண்ணி, ஆள் கிடைச்சாச்சுன்னேன்.

வேலை ஒண்ணும் கஷ்டமில்ல. பதினாலே நியாயம்தான்னு அவங்களுக்குப் புரிய வைக்கணும். கிடைக்கப் போறதில்லைன்னாலும் புரிய வைக்கணும். பேரம் பேசுறவன் மூணு நாளும் ஒழுங்கா வருவான் சார், பேரம் இல்லைன்னா ரெண்டாவது நாளே நின்னுடுவான்.

போறீங்களா? சரி. கதவை மெதுவாச் சாத்துங்க. பஸ் ஸ்டாப் இடது கைப் பக்கம், கால் மணிக்கு ஒண்ணு வரும். வீட்டுல என்ன சொல்றதுன்னு பஸ்ல யோசிச்சுக்கலாம்.

என்ன சார், கேட் வரைக்கும் போய்ட்டு நின்னுட்டீங்க? அங்க இருந்து பேசினா எனக்குக் கேக்கலை. கிட்ட வாங்க.

எவ்வளவுன்னா, எட்டாயிரம். உங்க பென்ஷன் பதினொண்ணு, ஆக மொத்தம் பத்தொன்பது. சாயங்காலம் நீங்க கேக்கணும்னு நினைச்சதுக்கு ஆயிரம் ஜாஸ்தி.

நாளைக்குச் சனிக்கிழமை, புது ஆள் வர்றார், ஆறு மணிக்கு வந்துடுங்க. நான் நடுவுல உக்காந்துக்கிறேன், நீங்க ஜன்னல் ஓரம். பேசிப் பாருங்க, எப்படிப் பேசுறீங்கன்னு பார்ப்போம். முதல் மூணு நாள் ட்ரையல்தான் சார், அதுக்குச் சம்பளம் கிடையாது.