பெரியகண்மாய்க் கரை வீடு

கொட்டாம்பட்டி போகும், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் அந்தக் காலத்துக் கரி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு குடும்பம். கோடை விடுமுறைக்குப் பெரியகண்மாய்க் கரையில் ஓட்டு வீடொன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். மனைவிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"என்னங்க, அம்புட்டுப் பேரும் மீன்கூடையோட வாராகளே?"

"வந்தா நமக்கென்ன? தை மாசம் நான் பாக்கப் போனப்ப வாசப்படி வரைக்கும் தண்ணி கெடந்துச்சு. பேசாம வா."

அவள் கேட்கவில்லை, என் பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்தவரிடம் திரும்பினாள்.

"எங்கண்ணே போறீக?"

"பெரியகண்மாய்க்குத்தான் தாயி. தண்ணி முழங்காலுக்கு வத்திருச்சுல்ல, இன்னைக்கு மீன்பிடித் திருவிழா. சுத்துப்பட்டு சனமெல்லாம் இறங்குது."

கணவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கணும்னு அங்கதாண்ணே இவரு வீடு பிடிச்சிருக்காரு. கூடை ஒண்ணு மிச்சம் இருக்குமா?"