பதினெட்டாயிரம் அட்டைகளும் ஒரு முகப்புப் பக்கமும்

இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு, மே முப்பது, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். வெளியே காற்றில்லாத தூறல். உள்ளே, அடைவுப் பிரிவின் நீள்மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுப் போட்ட நாற்காலிகளில் நாங்கள்.

அட்டை அட்டையாய் அறிவை அடுக்கிய அம்மையீர்! சான்றின்றிச் சற்றும் சாயாத சமன்கோலே! கணக்கற்ற கதைகளைக் கேட்டும் ஒருநாளும் கதையளக்காத கண்ணியமே! வணக்கம்.

பணிநிறைவுப் பாராட்டு மடல் இனிமையாகத் தொடங்கி இனிமையாகவே முடிய வேண்டும் என்பார்கள். நடந்ததை மறைத்து இனிமை செய்யத் தாங்கள் எங்களைப் பழக்கவில்லை. ஆகவே மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்கள் பொறுத்தருள்க; பொறுக்க இயலாவிடினும் அமர்ந்து கேட்க.

கதையிலும் பாட்டிலும் கூத்திலும் திரையிலும் திரும்பத் திரும்ப வரும் கூறுகளைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதுவதே இப்பிரிவின் தொழில். திறக்கக் கூடாத அறை, ஆற்றில் விழுந்த மோதிரம், தொட்டிலில் மாறிய குழந்தை என, இருபத்தொன்பது ஆண்டுகளில் சேர்ந்த அட்டைகள் பதினெட்டாயிரத்து நானூற்று ஆறு. தொடர்பில்லாத மூவர் சொல்லாத எதையும் தாங்கள் அடைவில் ஏற்றியதில்லை. அதனால் 'மூணு சாட்சி அம்மா' என்று பெயர் பெற்றீர்கள். அப்பெயர் தங்களுக்குத் தெரியாது என்று நாங்கள் எண்ணியிருந்தோம். தெரியும் என்று தட்டச்சர் சொல்கிறார்.

காணாமற்போன கணவனுக்காக ஏழாண்டு காத்திருக்கும் மனைவியைக் கதைகளில் கண்ட தாங்கள், காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ளும் கெடுவான அதே ஏழாண்டை ஒரு காப்பீட்டுப் படிவத்திலும் கண்டுபிடித்து அட்டையில் சேர்த்தீர்கள். கதைப் பிரிவில் படிவத்துக்கு என்ன வேலை என்று கேட்டதற்குத் தாங்கள் சொன்னது: "ஜனங்க ஒரே விஷயத்தை விடாம சொல்லிட்டே இருக்காங்கன்னா, அது இன்னும் தீரலைன்னு அர்த்தம். கதைன்னு சொன்னா என்ன, படிவம்னு சொன்னா என்ன?" நூறு கட்டுரைகளில் நாங்கள் படித்தறியாத ஆராய்ச்சி முறை அந்த ஒரு விடையில் இருந்தது.

இத்தகைய உழைப்பு நூலாகப் போகிறது என்று மகிழ்ந்திருந்தோம். சனவரியில் அச்சுப்படி வந்தது. முகப்பில் தொகுப்பாசிரியராக நின்ற பெயர், இங்கு வந்து மூன்றாண்டுகளே ஆன இயக்குநருடையது! தங்கள் பெயர் நன்றியுரையில், எட்டாவது வரியில், 'எழுத்துதவி' என்ற தலைப்பின்கீழ்! தாங்கள் அதை மூடி வைத்து, "பக்க எண் ரெண்டு இடத்துல தப்பா இருக்கு" என்று மட்டும் சொல்லி, தேநீர்க் குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இருபத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாக இருபது நிமிடம் முன்னதாக வீட்டுக்குப் போனீர்கள்.

நாங்கள் போகவில்லை. இயக்குநரின் அறைக்குச் சென்றோம். "நிறுவனத்தோட வேலைதானே, யார் பேர் போட்டா என்ன?" என்றார். "அப்ப என் பேரைப் போட்டுடலாமா சார்? நான்தானே ஒட்டித் தைக்கப்போறேன்!" என்று நூல்கட்டுநர் கேட்டார்.

அடுத்து நாங்கள் செய்த பிழையையும் ஒப்புக்கொள்கிறோம். ஆட்சிக் குழுவுக்கு முறையீடு எழுதப் பதினொருவர் கூடினோம். பழக்கம் விடவில்லை, அதை அடைவு அட்டையிலேயே எழுதினோம். 'உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர்' என்ற கூறு இழுப்பறையில் ஏற்கெனவே இருநூற்றுப் பதினான்கு சான்றுகளோடு இருந்ததால், இருநூற்றுப் பதினைந்தாவது என்று எண்ணும் இட்டோம். அலுவலக எழுத்தர் அட்டையைக் கண்டார். இப்பிரிவில் அட்டையைக் கண்டவர் செய்வதைச் செய்தார். நாற்பத்தொரு நாள் அது இழுப்பறையில் கிடந்தது!

காலாண்டுச் சரிபார்ப்பில் அதை எடுத்தவர் தாங்கள். சிவப்புப் பென்சிலால் 'சான்று ஒன்றே. ஏற்பதற்கில்லை' என்று எழுதித் திருப்பினீர்கள்.

"மேடம், இது உங்களுக்காக எழுதினது!" என்று நூலகர் கிட்டத்தட்ட அழுதார்.

"யாருக்காக இருந்தா என்னம்மா? ஒத்தைச் சாட்சியை வெச்சு ஒருத்தர் மேல பழி போடலாமா?"

தங்கள்மீதே எங்களுக்குச் சினம் வந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறோம். ஆயினும் பணிந்தோம், தேடினோம். பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட அட்டைகளில் தங்கள் கையெழுத்து: ஒன்று. முந்நூறு ஒலிநாடாக்களில் கதைசொல்லிகளிடம் கேள்வி கேட்கும் தங்கள் குரல்: இரண்டு. மூன்றாவதைத் தட்டச்சர் கண்டெடுத்தார். ஈராண்டுக்கு முன் நிதியுதவி வேண்டி இயக்குநர் தம் கையொப்பத்தோடு அனுப்பிய கடிதத்தில், 'இவ்வடைவைத் தனியொருவராக உருவாக்கியவர்' என்று தங்களையே குறித்திருந்தார்! நிதி கேட்கும்போது நினைவிருந்த பெயர் நூல் வரும்போது மறந்தது எவ்வாறு? இம்முறை மூன்றையும் முழுத்தாளில் எழுதி, குழுவினரிடம் நேரில் கொடுத்தோம்.

திங்கட்கிழமை நூல் அச்சேறுகிறது. ஆட்சிக் குழு இன்று முற்பகல்தான் கூடியது. இப்பத்தி அதன்பின் எழுதப்பட்டது. முகப்பில் தங்கள் பெயர் மட்டுமே நிற்கும் என்றும், இயக்குநர் விரும்பினால் முன்னுரை எழுதலாம் என்றும், ஆணையை அவரே தங்களிடம் வழங்க வேண்டும் என்றும் குழு முடிவு செய்துள்ளது.

கண்ணொளி குன்றாமல், கைந்நடுக்கம் அறியாமல், எவர் நூலிலும் பிழை காணும் இன்பம் நீங்காமல், தாங்கள் நீடு வாழ்க! இனி எவரும் தங்களை நன்றியுரையின் எட்டாவது வரியில் தேடும் நிலை வாராதிருக்க!

இவ்வண்ணம்,
அடைவுப் பிரிவுப் பணியாளர் பதினொருவர்

வாசிப்பவர் கவனத்துக்கு: இவ்விடத்தில் நின்றுகொண்டே காத்திருக்கவும். கைதட்டலுக்கு இடம் தர வேண்டாம். இயக்குநர் எழுந்து, மேடையின் மூன்று படிகளையும் இறங்கி வந்து, கையொப்பமிட்ட ஆணையை அம்மையாரின் கையில் கொடுத்த பிறகே மடலை மடிக்கவும்.