நெற்றியில் ஒரு கயிற்றுத் தழும்பு

தலைமை வகிக்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ரெங்கசாமி ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து மழையில் பஸ் ஏறி வந்திருக்கும் உறவுகளே, முன்வரிசையில் இருக்கும் அங்கம்மா அம்மா அவர்களே! உங்கள் மூத்த மகன், சிற்பி தயாபரன் அவர்களைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் பதுளையில் வார்ப்புப் பட்டறை வைத்திருக்கும் ரிப்கான். எனக்கு மேடைப் பேச்சு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

தலைநகரின் தேசியப் போர் நினைவுச் சின்னத்தில், உயிர்நீத்த வீரர்களுக்காக ஒரு வெண்கலச் சிப்பாய் மண்டியிட்டிருக்கிறான். அவனைச் செய்தவர் யார்? தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டின் ஓர் அறையில் பிறந்த நம் தயாபரன்! வார்த்தது என் பட்டறை.

அச்சை உடைத்து எடுத்தபோது சிப்பாயின் நெற்றியில் குறுக்காக ஒரு பள்ளம். வார்ப்புக் கோளாறு என்று நினைத்து அரத்தை எடுத்தேன். தயாபரன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அராவாதீங்க ரிப்கான் நானா. அது நிஷாந்துக்கு இருந்த தழும்பு."

நிஷாந்த் அவருடைய தம்பி. பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவின் கொழுந்துக் கூடையை வாங்கி, பெண்கள் சுமப்பதுபோலவே கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு, கொழுந்தை எடைபோடும் நிறுவைக்குப் போவான். பொம்பளைப் பிள்ளை என்று லயமே கேலி செய்தது. விட்டானா? விடவில்லை! பிறகு இராணுவத்தில் சேர்ந்தான். போரில் காணாமற்போனான். உடல் வரவில்லை. அம்மா கருமாதிக்கு ஒப்பவில்லை. பதினான்கு ஆண்டுகள் அவனுக்கும் சேர்த்தே சோறு வடித்தார்கள்.

சிலையைப் பார்வையிட வந்த அதிகாரி, அந்தக் குறையைச் சரிசெய்யச் சொன்னார். "கை வச்சா வெடிச்சிரும் சேர்" என்று பொய் சொன்னேன். இன்றுவரை அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

திறப்பு விழாக் கூட்டம் கலைந்ததும் அம்மா சிலைக்குக் கிட்டப் போனார்கள். பெருவிரலால் அந்தப் பள்ளத்தைத் தடவினார்கள். "எம்புள்ள இங்கதான் இருக்கான்" என்று வாய்விட்டு அழுதார்கள். அந்த மாதமே கருமாதி நடந்தது.

இப்போது சிலையைப் பழுதுபார்க்கப் போகிறார்களாம். நெற்றிக் குறையை நிரப்பப் போவதாகத் தயாபரனுக்குக் கடிதம் வந்தது. பதில் எழுதுவதற்குள் அவருடைய இருதயம் நின்றுவிட்டது. கடிதம் இதோ, என் சட்டைப் பையில் இருக்கிறது.

தயாபரன் அவர்களே! அந்தப் பதிலை நாளை நான் எழுதுகிறேன். இந்த முறை பொய் சொல்லப்போவதில்லை. அது யாருடைய தழும்பு என்று பெயரோடு எழுதுவேன். அதற்கும் கேட்காவிட்டால் ரயில் ஏறிப் போய்ச் சிலைக்கு முன்னால் நிற்பேன். சபையோரே, என்னோடு யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள்!

அம்மா, நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க? உட்காருங்க... சரி, நீங்களும் வாங்க. தழும்பு எந்த இடம்னு ஒங்க விரல்தான் காட்டணும்.