பேராச்சி போட்ட கட்டில்

டீ வந்துரட்டும் சார், அதுக்கு முந்தி அவசரப்பட்டு என்ன ஆவப்போவுது? இப்படி இந்தச் சிமிண்டு மூட்டைல ஒக்காருங்க. ஏளா, நீங்களும் கிட்ட வாங்க. காண்ட்ராக்டர் சாருக்கு எங்க பேராச்சி கதையச் சொல்லுதேன். எங்க வம்சத்துக்கே மூத்தவ அவ.

ரொம்ப ரொம்ப முந்தி, இந்தப் பனையடிக்குளத்துக்கு ரோடும் கெடையாது, கரண்டும் கெடையாது, அப்ப நடந்தது. சிமிண்டுங்கிற பேரே யாருக்கும் தெரியாதாம். எல்லாம் மண்சொவருதான். மண்ணைக் குழைச்சு, மிதிச்சு, உருட்டி வச்சு, ஒரு மொழம் ஏத்துவாவளாம். அதுக்குப் பேரு ஒரு படை. ஒரு படை காஞ்ச பொறவுதான் மறுபடை. அதனால சொவரு வேலைன்னா பங்குனி, சித்திரைதான். வெயில்ல போட்டாச் சொவரு கல்லு. மழைல போட்டாச் சொவரு களி.

பேராச்சியும் அவ புருசன் பலவேசமும்தான் அந்த வேலைக்குத் தலை. அவுக கூடப் பத்துப் பேரு. பேராச்சி என்ன செய்வாளாம், தெனம் காலைல சொவருல பெருவெரலை ஊண்டிப் பாப்பாளாம். வெரலு எறங்கலைன்னா, "ம், ஏறுங்க"ம்பாளாம். எறங்கிச்சுன்னா, "பச்சைச் சொவரு. கீழ ஒருத்தரும் நிக்கப்படாது"ம்பாளாம். அம்புட்டுதான் பேச்சு.

ஊர்ப் பண்ணையாருக்கு உமையொருபாகம்னு பேரு. நெல்லுப் போட ஒரு பெரிய கிட்டங்கி கெட்டணும்னு அவருக்கு ஆசை. சித்திரைல கெட்டுனா என்னவாம்? கெட்டமாட்டாரு. சித்திரைல கோயில் கொடைக்கு வேட்டு வாங்கணும். ஆடில குத்தாலத்துல போயிக் குளிக்கணும். ஐப்பசி பொறந்து, மானம் கறுத்து, தவளை கத்துன பொறவுதான் அவருக்கு முழிப்பு வந்துச்சாம். "தை பொறக்கும்போது கிட்டங்கி நிக்கணும். நாளைக்கே ஆரம்பி"ன்னாராம்.

பேராச்சி சொன்னாளாம், "அய்யா, ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை. சொவரு காயாது. பங்குனி வரைக்கும் பொறுத்துக்கிடுங்க."

"ஓலையப் போட்டு மூடிக்கிட்டுக் கெட்டு. எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா, கோட்டிக்காரி!"

பண்ணையாரு சொல்லுக்கு எதிர்சொல்லு உண்டா அப்ப? கெட்டுனாவளாம். ஒரு படை, ரெண்டு படை, மூணு படை. மேல ஓலை மூடுனா அடில ஈரம் ஊறுதே, என்ன செய்ய? நாலாவது படைல பேராச்சி வெரலு மொளி வரைக்கும் எறங்கிச்சாம். "எல்லாரும் வெளிய வாங்க!"ன்னு கத்துதா. பத்துப் பேரும் ஓடி வந்துட்டாவ. கடைசியா வந்தவன் பலவேசம். சொவரு அவன் கால் மேல சரிஞ்சிட்டு. தொடை எலும்பு ரெண்டு துண்டு.

பண்ணையாரு வந்தாரு, சார். வந்து, கால் என்னாச்சுன்னு கேட்டாரா? கேக்கலை. அவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுங்கன்னு சொன்னாரா? சொல்லலை. குடையப் பிடிச்சுக்கிட்டு நின்னு, "மண்ணை ஒழுங்கா மிதிக்கத் தெரியாத பயலால என் சொவரு போச்சே"ன்னாராம்! குதிரை கீழ தள்ளுனதும் பத்தாதுன்னு குழியும் பறிச்சுதாம், அந்தக் கதைதான். இருவது வருசம் மண்ணு மிதிச்ச காலு சார் அது!

"நாளைக்கே மறுபடி ஆரம்பிங்க. வராதவன் என் எடத்துல குடியிருக்கப்படாது"ன்னுட்டுப் போய்ட்டாராம்.

பத்துப் பேருக்கும் குடிசை அவரு எடத்துலதான். பிள்ளைகுட்டியத் தூக்கிக்கிட்டு அந்த மழைல எங்க போவ? வந்தாவ. எட்டு நாள்ல சொவரு மறுபடியும் ஆள் ஒசரம் ஏறிட்டு. ஒம்பதாம் நாள் காலைல பேராச்சி வெரலை ஊண்டுதா. மொளி வரைக்கும் எறங்குது. பத்துப் பேரும் அவ மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்காவ.

பேராச்சி விறுவிறுன்னு வீட்டுக்குப் போனாளாம். கால்ல மூங்கில் பத்தை வச்சுக் கெட்டி, பலவேசம் கயித்துக் கட்டில்ல கெடக்கான். "கொஞ்ச நேரம் பாய்ல படுங்க"ன்னு மெள்ள எறக்கிவிட்டா. கட்டிலைத் தூக்கித் தலைல வச்சா. கொட்டுத மழைல நடந்து வந்து, சொவருக்கு அடில டொப்புன்னு போட்டா.

ஊரே கூடிட்டு. பண்ணையாரும் வந்துட்டாரு, கையில வெத்தலைச் செல்லத்தோட.

"என்னட்டி இது?"

"ஒக்காருங்கய்யா."

"எதுக்கு?"

"என் புருசன் மிதிச்ச மண்ணுதானே மோசம்? இது அவன் மிதிச்சது இல்லையே. அப்ப நல்ல சொவருதானே? ஒரு வெத்தலை போடுங்க. வாய் செவக்குத வரைக்கும் ஒக்காருங்க, போதும். பொறவு நாங்க ஏறுதோம்."

மாட்டேன்னா சொவரு மோசம்னு அவரே ஒத்துக்கிட்ட மாதிரில்லா? ஊரு பாக்குது. ஒக்காந்தாரு. வெத்தலையத் தொடைச்சாரு, காம்பைக் கிள்ளுனாரு, சுண்ணாம்பைத் தடவுனாரு, பாக்கு வச்சு வாயில போட்டாரு. மேல பாத்தாரு. மென்னாரு. மறுபடி மேல பாத்தாரு. எலுமிச்சங்காய் தண்டிக்கு ஒரு மண்ணாங்கட்டி, செல்லத்துக்குள்ள பொத்துன்னு விழுந்துச்சாம். அம்புட்டுதான், பண்ணையாரு துள்ளி எந்திரிச்சு ஓடுதாரு! ஒத்தச் செருப்பு சகதிக்குள்ள நிக்கி.

பேராச்சி சத்தம் போட்டாளாம், "என்னய்யா, வாய் இன்னும் செவக்கலையே! ஒங்க உசுருன்னா ஒரு வெத்தலை நேரம் தாங்கலை. எங்க உசுருன்னா பொழுதன்னைக்கும் நிக்கணுமோ?"

ஒருத்தரும் சிரிக்கலையாம். பத்துப் பேரும் கையில இருந்த மண்ணைக் கீழ போட்டாவ. அன்னைக்குச் சாயங்காலமே சொவரு மொத்தமா சாஞ்சு கட்டிலு நொறுங்கிட்டு. ஆளுக்கு ஒரு கீறல் இல்லை. பண்ணையாரு மன்னிப்புக் கேட்டாரான்னா, கேக்கலை. "அவ என்னமோ மந்திரம் வச்சிட்டா"ன்னாராம், வெக்கங்கெட்ட மனுசன். ஆனா ஊரு பாத்துட்டே, ஒருத்தரையும் குடிசைய விட்டு எறக்க அவருக்கு வாய் வரலை. கிட்டங்கி பங்குனிலதான் எந்திரிச்சுது. பலவேசம் மட்டும் சாவுத வரைக்கும் நொண்டிதான் நடந்தானாம். கட்டிலும் போச்சா, பாய்லதான் படுத்தானாம்.

அந்தா, முந்தி கிட்டங்கி நின்ன குளத்தங்கரைல ஒரு பலகைக்கல் கெடக்குல்லா? அதான் அந்தக் கட்டில் கெடந்த எடம். பேராச்சி கட்டில்னுதான் இன்னைக்கும் அதுக்குப் பேரு. அன்னையில இருந்து இந்த ஊர்ல மழைக்காலத்துல யாரு கட்டடம் கெட்டுனாலும், வேலையாளு அடில போவுததுக்கு முந்தி, கெட்டச் சொன்னவரு அந்தக் கட்டடத்துக்கு அடில போயி வெத்தலை போட்டு ஒக்காரணும். கோயில் தர்மகர்த்தாவே ஒக்காந்திருக்காரு. வாய் செவக்குத வரைக்கும்.

நீங்க வெளியூரு, ஒங்களுக்குத் தெரிய ஞாயமில்லை. அதான் சொன்னேன். அடைமழைல காங்கிரீட்டு போட்டு இன்னைக்கு ஆறே நாளு, இன்னும் எறுகலை. தெறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சு, தளத்தைத் தாங்குத முட்டுக்கம்பை எல்லாம் இன்னைக்கே பிரிங்கன்னு சொல்லுதிய. பிரிச்சிருவோம் சார். மாட்டோம்னு யாரு சொன்னா?

அந்தா பாருங்க, தளத்துக்கு அடில நடு மத்தியில நாற்காலி போட்டாச்சு. இந்தாங்க வெத்தலை.