ஜனாதிபதிக்குப் பதக்கம் கிடைத்த காலை

முதலில் சத்தம். மேற்கிலிருந்து வருகிறது. தூரத்தில் நெல் மில் எஞ்சின் ஓடுவதுபோல ஒரே சீரான உறுமல். நாங்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறோம். வெயில் இன்னும் ஏறவில்லை. டைகிரிஸ் ஆறு வளையும் இடத்தில் எங்கள் கூடாரங்கள். நாங்கள் வெள்ளைக்காரப் படைக்கு மூட்டை தூக்கிகள். ஜெர்மன் சண்டைக்காக ரங்கூனில் கப்பலேற்றி பஸ்ராவில் இறக்கப்பட்டவர்கள். தமிழர்கள். கொஞ்சம் தெலுங்கர்கள். ஒருவர் கையிலும் துப்பாக்கி கிடையாது.

வீரய்யா அண்ணன் எழுந்து நின்று அண்ணாந்து பார்க்கிறார். ரங்கூனில் பசுந்தாங் நெல் மில்லில் என்னோடு மூட்டை சுமந்தவர். என்னைவிட மூத்தவர். விமானத்தின் இறக்கைக்கு அடியில் வட்டம் தெரிகிறது. சிவப்பு, வெள்ளை, நீலம். எங்கள் லாரிகளில் வரைந்திருந்த அதே வட்டம்.

"நம்மளுதுதான்டா. யாரும் ஓடாதீங்க."

நாங்கள் ஓடவில்லை. அவர் தலைப்பாகையை அவிழ்த்து இரண்டு கையாலும் வீசிக் காட்டினார். விமானம் இறங்கியது. ஓட்டுபவனின் கண்ணாடி வெயிலில் பளிச்சிட்டது. அவ்வளவு தாழ்வு. பிறகு ஒரு விசில். காது அடைத்தது. மண் எழுந்து வாயில் விழுந்தது. யாரோ "படுங்க, படுங்க" என்று கத்துகிறார்கள். மறுபடி விசில். விமானம் ஆற்றின்மேல் திரும்பி வந்தது. இப்போது வேறு சத்தம். தகரக் கூரையில் கல்மழை பெய்வதுபோல. அது மெஷின் கன். கழுதைகள் கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு அலறின. மனிதர்களின் சத்தம் பிறகுதான் கேட்டது.

வீரய்யா அண்ணன் நின்ற இடத்தில் அவர் இல்லை. தலைப்பாகைத் துணி ஒரு முட்செடியில் கிடந்தது. அவரைக் கண்டெடுக்க வெகு நேரமானது. முழுதாகக் கிடைக்கவில்லை.

மதியம் ஒரு மோட்டார் வந்தது. மூன்று துரைகள் இறங்கினார்கள். ஒருவன் விமானி. சின்ன வயது. செம்பட்டை முடி. இடது காதின் மேல்பாதி இல்லை. அது பழைய காயம். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வரிசையாகப் போர்த்தியிருந்தவர்களைப் பார்த்தான். எங்கள் தண்ணீர்ப் பையிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்தான். ஊற்றியவன் நான். அதனால் அந்தக் காதை ஒரு முழம் தூரத்தில் பார்த்தேன்.

வந்தது எதிரி விமானம் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. வேறு மாதிரிப் பேசுகிறவன் ராணுவக் கோர்ட்டில் நிற்பான் என்றும் சொல்லப்பட்டது. ரங்கூனில் இருந்த பெண்டாட்டிகளுக்கு விஷக் காய்ச்சல் என்று செய்தி போனது.

நான் உயிரோடு திரும்பினேன். ஒரு கால் சற்றுக் குட்டை. வந்ததும் வீரய்யா அண்ணனின் மனைவி அஞ்சலை அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பசுந்தாங்கில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. யாரிடம் போய்க் கேட்கிறது என்று மட்டும் கேட்டார். அப்படியே வருஷங்கள் போயின. நான் ரங்கூனில் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அக்காவின் கேள்விக்குப் பதில் கப்பலில் வந்தது.

டிசம்பர் மாதம். எங்கும் தோரணம் கட்டினார்கள். வெளிநாட்டு ஜனாதிபதி ஒருவர் உலகம் சுற்றி வருகிறாராம். ரங்கூனில் இறங்கி இரண்டு நாள் தங்குவாராம். கடலுக்கு அப்பால் எங்கோ ஒரு நாடு. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்த ஜனங்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

நகரசபையில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்த பொன்னுசாமிப் பிள்ளை தின்கன்ஜூனில் குடியிருந்தார். தினமும் பபேடானில் ஒரு டீக்கடைக்கு வருவார். இங்கிலீஷ் பேப்பரை எங்களுக்குத் தமிழில் சொல்லுவார். அன்று ஜனாதிபதியின் வாழ்க்கை வரலாறு வந்திருந்தது. சுவாரஸ்யமாகச் சொன்னார். மாட்டுப் பண்ணைக்காரரின் மகனாம். சொந்த நாடு சண்டையில் இல்லாதபோதும் சாகசத்துக்காக வந்து வெள்ளைக்காரப் படையில் விமானியாகச் சேர்ந்தாராம். டைகிரிஸ் ஆற்று வளைவில் ஒரு காலைப்பொழுது தன்னந்தனியாக எதிரி முகாமைச் சிதறடித்தாராம். அதற்குப் பதக்கமாம். ஊர் திரும்பியதும் அந்தப் பதக்கத்தைப் பார்த்துத்தான் கட்சி அவரை அழைத்ததாம். மந்திரியாம். பிறகு ஜனாதிபதியாம்.

படத்தைக் காட்டச் சொன்னேன். மேல்பாதி இல்லாத அந்தக் காதைத் தொப்பி மறைக்கவில்லை.

என் டீ ஆறிப்போனது. பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, இதை வெளியில் பேசாதே, பிழைப்பு போய்விடும் என்றார். அன்று சாயங்காலமே அஞ்சலை அக்காவிடம் போய்ச் சொன்னேன். இந்த முறை முறத்தைக் கீழே வைத்தார்.

வெள்ளை உடுத்தி ஜெட்டியில் வரிசையாக நிற்க வேண்டும் என்று மேஸ்திரி உத்தரவு போட்டிருந்தார். பெண்கள் வாசலில் பூ தூவ வேண்டும். பூக்காரிகளோடு அக்கா உள்ளே வந்துவிட்டார். பேண்டு முழங்குகிறது. ஜனாதிபதி இறங்கி வருகிறார். உடம்பு போட்டிருந்தது. நெஞ்சில் பதக்கங்கள். எது எங்களுடையது என்று தேடினேன்.

அக்கா பூத்தட்டைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டு வழியில் போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"எம் புருசன் பேரு வீரய்யா. அந்த ஆத்தங்கரையில நீங்க போட்ட குண்டுலதான் செத்தாரு. அது எதிரி முகாம் இல்ல. கூலிக்காரங்க முகாம்."

ஜனாதிபதி புன்னகையோடு, மொழிபெயர்க்கத் தன் பக்கத்தில் நிறுத்தியிருந்த பொன்னுசாமிப் பிள்ளையின் பக்கம் திரும்பினார். பிள்ளை அக்கா சொன்னதைச் சொல்லவில்லை. நகரத்துப் பெண்கள் சார்பில் வரவேற்பதாக மொழிபெயர்த்தார். ஜனாதிபதி அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். யாரோ கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலை என்னால் பொறுக்க முடியவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்தேன். படையில் கற்ற இங்கிலீஷ் என்னிடம் கொஞ்சம் இருந்தது. ஆற்று வளைவு, கூலிகள், உங்கள் குண்டு, இவள் கணவன். அந்த நாலைத்தான் சொன்னேன். போதுமானதாக இருந்தது. புன்னகை அப்படியே முகத்தில் நின்றது. கண் மட்டும் மாறியது. எதையோ தாழ்ந்த குரலில் சொன்னார்.

பிள்ளை இப்போது சரியாக மொழிபெயர்த்தார். "அடுப்புப் புகை தெரிஞ்சுதாம். எதிரிங்கன்னு மேலேருந்து சொல்லியிருந்தாங்களாம்."

"அன்னிக்கு மத்தியானமே நேர்ல வந்து பாத்தாருல்ல" என்றார் அக்கா. "இனிமே போற எடத்துல அந்தக் கதைய மாத்திச் சொல்லச் சொல்லுங்க. அது போதும் எனக்கு."

பிள்ளை அதையும் சொன்னார். ஜனாதிபதி ஒரு நொடி நின்றார். ஏதாவது சொல்லுவார் என்று நான் நம்பினேன். அந்த நொடி நம்பினேன் என்பதை நினைத்தால் இன்றும் எரிகிறது. ஒரு அதிகாரி அவர் முழங்கையைத் தொட்டார். அவர் நடந்துவிட்டார். போலீஸ்காரர்கள் எங்களை ஓரமாகத் தள்ளினார்கள். அக்காவின் வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம் வந்தது.

அன்று மாலை அவருக்கு விருந்து. பேசினாராம். மறுநாள் பேப்பரில் முழுப் பேச்சும் வந்தது. ஆற்று வளைவு இருந்தது. எதிரி முகாம் இருந்தது. பழைய கதையில் இல்லாத ஒரு பீரங்கியும் புதிதாகச் சேர்ந்திருந்தது. எல்லாம் தெரிந்த பிறகு சொன்ன பொய் இது. புகையைப் பார்த்து ஏமாந்தவனைக்கூட ஒரு நாள் மன்னித்திருப்பேனோ என்னவோ. இந்த ஆளை மாட்டேன்.

என்னை ஜெட்டியிலிருந்து நிறுத்தினார்கள். பிள்ளைக்கும் அந்த வேலை போனது. அடுத்த வாரம் அவரே பசுந்தாங்குக்கு நடந்து வந்தார். அக்காவின் வாசலில் நின்றபடியே ஒன்று சொன்னார். மோட்டாரில் ஏறியதும் ஜனாதிபதி கேட்ட கேள்வி அது.

"இவங்கள யாரு உள்ள விட்டதுன்னு கேட்டாரும்மா. வேற ஒண்ணும் கேக்கல."

அக்கா அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். தன் வார்த்தையை மாற்றிச் சொன்னதற்கு ஒரு வார்த்தை திட்டவில்லை.

அதன்பின் இரண்டு மழைக்காலம் போனது. பேப்பரில் மறுபடி அவர் பெயர். அவருடைய நாட்டில் சுரங்கக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்களாம். மலையடிவாரத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்களாம். ஜனாதிபதி விமானங்களை அனுப்பினாராம். தன் சொந்த ஜனங்கள்மேல். செத்தவர்கள் கலகக்காரர்கள் என்று அரசாங்கம் சொன்னதாம். அங்கேயும் காலையில் அடுப்பு எரிந்திருக்கும். அவர்களின் பெயர்கள் எனக்குத் தெரியாது. அங்கே பிழைத்த எவனாவது எழுதட்டும்.

எங்களுடையவர்களை நான் சொல்கிறேன்.

வீரய்யா. கஞ்சி காய்ச்சிய மாடசாமி, கரண்டி கையிலேயே இருந்தது. அண்ணன் தம்பி கருப்பனும் பெரிய கருப்பனும். தெலுங்குக்காரர் அப்பலசாமி. நாகூரிலிருந்து வந்து ரங்கூனில் குடை விற்ற காதர், சண்டை முடிந்ததும் கல்யாணம் என்றிருந்தார். சுப்பன், இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிப் படகில். முகம் தெரியாமல் போனதால் யாரென்று சொல்ல முடியாதவர்கள் நான்கு பேர். ஆக மொத்தம் பதினொரு பேர். கழுதைகளை எண்ணவில்லை. அர்ச்சுனனுக்கு இரண்டு கண்ணும் போனது. என் கால். அஞ்சலை அக்கா வயிற்றில் அப்போது இருந்த பிள்ளை, காய்ச்சல் செய்தி வந்த வாரம் கலைந்தது. அதையும் சேர்த்தால் பன்னிரண்டு.

எதிரிகள் ஒருவர்கூட இல்லை.